உழுபவன் ஒருவன், உதவி பெறுபவன் ஒருவன்!

உழவர்க்கு உதவுவதாகச் சொல்லிக் கொள்ளாத அரசு இவ்வுலகில் எங்கணும் இல்லை. ஆயின், அவ்வுதவி எவர் கைக்குப் போய்ச் சேர்கின்றது, எம்மொழியில் போய்ச் சேர்கின்றது, அதனைப் பெற்ற உழவன் தலைநிமிர்கின்றானா, தலை கவிழ்கின்றானா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாமல், உதவியின் அளவை மட்டும் ஊரெங்கும் பறையறைந்து கொண்டிருப்பது, உழவர்க்குச் செய்யும் நன்மையாகாது; ஆள்வோர் தமக்குத் தாமே செய்து கொள்ளும் விளம்பரமே ஆகும்.

2025 நவம்பர் 19-ஆம் நாள் கோவையில் நடந்த இயற்கை வேளாண்மை மாநாட்டில், இந்தியத் தலைமையமைச்சர், உழவர் உதவித் தொகையின் 21-ஆம் தவணையை வழங்கினார். ஏறத்தாழ 9 கோடி உழவர்க்கு 18,000 கோடி உருபா எனச் சொல்லப் பெற்றது. கேட்பதற்குப் பெருந்தொகையே! ஆயின், அதனை ஆளுக்குப் பகுத்தால் 2,000 உருபா. நான்கு திங்களுக்கொருமுறை 2,000, ஆண்டுக்கு 6,000, ஒரு நாளுக்கு 16 உருபாவும் சில்லறைக் காசும்! அதுவும் ஆளுக்கன்று; கணவன், மனைவி, அகவை நிரம்பாப் பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பத்துக்கு. ஒரு குடும்பத்தின் ஒரு நாளைத் தேநீர்ச் செலவுக்கும் காணாத இத்தொகையைத்தான் உழவரைப் பெருமைப்படுத்தும் பொருள் என்று பெயரிட்டு வழங்குகின்றனர்.

2019 பிப்ரவரி 24-ஆம் நாள் கோரக்பூரில் தொடங்கப்பெற்ற இத்திட்டம், முதற்கண் ஐந்து ஏக்கருக்குட்பட்ட சிறு, குறு உழவர்க்கென்றே வகுக்கப்பட்டது. அவ்வாண்டு சூன் முதல் நிலமுடையார் அனைவர்க்கும் விரிக்கப்பட்டது. வருமான வரி கட்டுவோர், அரசுப் பணியாளர், 10,000 உருபாவும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் மட்டும் விலக்கப்பட்டனர். விரித்தபின், அரை ஏக்கர் உடையவனுக்கும் ஆறாயிரம். ஐம்பது ஏக்கர் உடையவனுக்கும் ஆறாயிரம். பசித்தவனையும் புளித்த ஏப்பக்காரனையும் ஒரே பந்தியில் அமர்த்தி ஒரே பிடி சோறு இடுவது போன்றதே இது. 2019-இல் வரையறுத்த தொகை 2025 இறுதிவரை ஒரு காசும் உயரவில்லை. இவ்வாண்டுகளில் உழவுகூலி உயர்ந்தது. கன்னெய் விலை உயர்ந்தது. களைகொல்லி விலையும் அறுவடைப் பொறியின் வாடகையும் உயர்ந்தன. உழவனுக்குத் தரும் தொகை மட்டும் நட்ட கல்லைப் போல் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. இத்தொகையை 12,000 ஆக உயர்த்துக என்றும், குத்தகை உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் இதனை விரிவுபடுத்துக என்றும் பாராளுமன்றத்தின் வேளாண்மை நிலைக்குழுவே 2024 திசம்பரில் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டில் கிடக்கின்றது; உழவன் காட்டில் கிடக்கின்றான்.

தொகை சிறிது என்பது ஒரு குறை. ஆனால் அதனினும் பெருங்குறை, அச்சிறு தொகையும் உழுகின்றவனுக்குப் போகவில்லை என்பது. இதனைக் கண்கூடாகக் காண விரும்புவோர் செட்டிநாட்டைக் காணல் வேண்டும்.

சிவகங்கை மாவட்டம் ஆற்றுப் பாய்ச்சலில் வாழும் நிலமன்று. வையையின் நீரும், பெரியாற்றுக் கால்வாயின் நீட்சியும் ஒரு சில பகுதிகளைத்தாம் தொடுகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, காளையார்கோவில், இளையான்குடி என்று எப்பக்கம் நோக்கினும் வானம் பார்த்த புன்செய்யும், கண்மாயை நம்பிய நன்செய்யுமே மிகுதி. வடகிழக்குப் பருவமழை வருமென்று நம்பிப் புழுதியிலேயே நெல் விதைக்கின்ற உழவர் இம்மண்ணின் உழவர். மழை வந்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வயிறு நிறையும். பொய்த்தால் விதைநெல்லும் போய்விடும்.

இம்மண்ணின் செல்வ வரலாறோ வேறு வகையினது. காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களின் நகரத்தார் கடல் கடந்து பருமாவிலும், மலையாவிலும், ஈழத்திலும் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். 1930-ஐ ஒட்டிய பொருளியல் வீழ்ச்சியின்போது, கடன் கட்ட இயலாத பருமிய உழவரின் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பருமாவின் முகன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1930-களின் இறுதிக்குள் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. உழாதவன் கையில் நிலம் குவிந்தால் என்ன நேரும் என்பதற்கு அந்நாட்டு வரலாறே சான்று. அங்கே உழவர் பகை மூண்டது, போர் வந்தது, விடுதலைக்குப் பின் 1948-இல் பருமிய அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. அயல்நாட்டில் இட்ட முதல் அயல்நாட்டோடு போயிற்று. பிறந்த மண்ணிலோ மாளிகைகள் எழுந்தன, கோயில்கள் புதுக்கப்பெற்றன, ஊருணிகள் வெட்டப்பெற்றன, கல்விக் கூடங்களும் எழுந்தன. ஆயின் வயலை உழுதவன் குத்தகைக்காரனாகவும் வாரக்காரனாகவுமே நின்றான்.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. நிலத்துக்கு உரியவர் சென்னையிலும் கோவையிலும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்கின்றனர். பட்டா, பாட்டன் பெயரிலோ பங்காளிகள் பலர் பெயரில் கூட்டாகவோ கிடக்கின்றது. கோயில் நிலமாயின் அது கோயிலின் பெயரில் இருக்கின்றது. வயலில் இறங்குகின்றவனோ வாய்ச்சொல்லாற் குத்தகை பேசிக்கொண்ட ஓர் ஏழை. அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இல்லாதவன் அரசின் கண்ணுக்கு ஆளே இல்லை!

இத்திட்டத்தின் அடிப்படை நெறி ஒன்றே: நிலவுடைமை ஆவணத்தில் பெயர் இருத்தல் வேண்டும். அதுவும் 2019 பிப்ரவரி 1 என்னும் எல்லை நாளுக்கு முன்பே இருத்தல் வேண்டும். இறப்பால் வரும் வழியுரிமைக்கு மட்டும் விலக்குண்டு. இந்நெறியைத் தமிழில் தெளிவாகச் சொன்னால், பட்டா உடையவன் உழாவிடினும் உழவன். பட்டா இல்லாதவன் நாள்முழுதும் உழுதாலும் உழவனல்லன்! வாழ்நாளெல்லாம் குத்தகைக்கு உழுது, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, எல்லை நாளுக்குப் பின் அரை ஏக்கர் வாங்கியவனுக்கும் கதவடைப்பே. உழவுக்கென்று தரும் தொகை உழவைப் பார்த்துத் தரப்படவில்லை. தாளைப் பார்த்துத் தரப்படுகின்றது.

இத்தனைக்கும், உழுபவன் எவன் எனக் காட்டும் ஏடு இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. பட்டா என்பது உடைமையைக் காட்டுவது. ஆனால், அடங்கல் என்னும் அழகிய தமிழ்ப் பெயருடைய ஊர்க்கணக்கோ, எந்தப் புலத்தில் எந்தப் பருவத்தில் என்ன விளைந்தது என்பதை ஆண்டுதோறும் பதிவது. வயலை நேரில் கண்டு எழுத வேண்டிய கணக்கு அது. அதனைச் செவ்வனே எழுதி, பயிரிட்டவன் பெயரையும் உடன்பதிந்து, அதனடிப்படையில் உதவி வழங்கினால், உழுதவனுக்கே உதவி சேரும். ஆனால் தில்லியிலிருந்து நேரே வங்கிக் கணக்குக்குப் பணம் பாய்ச்சும் திட்டத்துக்கு, ஊர்க்கணக்கைப் பார்க்கவும் பொறுமையில்லை; ஊராரைக் கேட்கவும் மனமில்லை.

சட்டமும் இல்லாமலில்லை. குத்தகை உழவரைக் காக்கத் தமிழகத்தில் 1955-ஆம் ஆண்டே சட்டம் வந்தது. நேரிய குத்தகையை வரையறுக்க 1956-இல் ஒரு சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இல் மற்றொன்று வந்தது. இம்மூன்றும் இருந்தும் வாய்ச்சொற் குத்தகையே வழக்கில் நிற்பானேன்? பதிந்து கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமென்று உடையவன் அஞ்சுகின்றான். பதியக் கேட்டால் அடுத்த ஆண்டே வெளியேற்றப்படுவோமென்று உழுபவன் அஞ்சுகின்றான். இரண்டு அச்சங்களுக்கிடையே சட்டம் உறங்குகின்றது.

இச்சிக்கலை அவிழ்க்கவே இயலாதென்று சொல்வார், அண்டை நாட்டாரைப் பார்த்தல் வேண்டும். ஆந்திர அரசு 2019-இல் பயிரிடுவோர் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பதினொரு திங்களுக்கு மட்டும் செல்லும் பயிரிடுவோர் அட்டை அதன்வழி வழங்கப்பட்டது. நிலவுடைமைக்கு ஊறில்லை, அரசின் கடனும் காப்பீடும் உதவியும் மட்டும் பயிரிடுவோனுக்கு. அவ்வாண்டே தொடங்கிய உழவர் உதவித் திட்டத்திலும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மைக் குத்தகையாளரை அம்மாநிலம் சேர்த்துக் கொண்டது. ஒடிசா 2018 திசம்பரில் அறிவித்த திட்டம், வாரத்துக்கு உழுவோரையும் நிலமற்றோரையும் உள்ளடக்கியது. 2018-இலேயே ஏக்கர்க் கணக்கில் பெருந்தொகை கொடுக்கத் தொடங்கிய தெலுங்கானா, குத்தகையாளரை விட்டுவிட்டு, நிலம் மிக்கவனுக்கு மிகுதியாகக் கொடுத்துப் பழியும் தேடிக் கொண்டது. ஆக, செய்யக் கூடியது எது, செய்யத் தகாதது எது என இரண்டற்கும் எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. உழவர் நலத்துக்கென 2021-இல் தனி வரவு செலவுத் திட்டமே போட்ட தமிழக அரசு, குத்தகை உழவனை ஏட்டில் ஏற்றும் இவ்வொரு செயலை ஏன் முதற்பணியாகக் கொள்ளவில்லை?

உழுபவனை அறியாத திட்டம், உழாதவனையும் அறியாது. இதற்குச் சான்று 2020-இல் தமிழகத்திலேயே வெளிப்பட்டது. தாமே இணையத்தில் பதிந்து கொள்ளலாம் என்று வழி திறந்துவிடப்பட்டவுடன், தரகர் புகுந்தனர். அலுவலகக் கடவுச் சொற்கள் தவறானவர் கைக்குப் போயின. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட பல மாவட்டங்களில், ஏறத்தாழ ஐந்தரை இலக்கம் தகுதியில்லாதார் பட்டியலில் ஏற்றப்பட்டனர். 110 கோடி உருபா தவறாகப் போயிற்று என அரசே அறிவித்துக் குற்றப் புலனாய்வுத் துறையை ஏவிற்று. பணியாளர் பலர் நீக்கப்பட்டனர், தரகர் தளையிடப்பட்டனர். நிலமே இல்லாதார் பெயரில் உழவர் தொகை ஏறிய அதே நாட்டில்தான், நாள்தோறும் உழுகின்ற குத்தகையாளன் வெறுங்கையோடு நின்றான்!

களவு போனபின் பூட்டிய பூட்டுகளோ, கள்வனைவிட உடையவனையே மிகுதியாக வாட்டுகின்றன. கைவிரற் பதிவு, கைப்பேசிக் குறியெண், ஆதார் இணைப்பு, நில ஆவண இணைப்பு, 2025 முதல் உழவர்க்கெனத் தனி அடையாள எண் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலைப் பொறி ஏற்பதில்லை. கூட்டுப் பட்டாவைப் பிரிக்காமல் கணினி ஏற்பதில்லை. பிரிக்கவோ பங்காளி பருமாவழி போனவனின் பேரன்! இரண்டாயிரம் உருபாவுக்காக எத்தனை நடை, எத்தனை நாட்கூலி இழப்பு! கணக்குப் பார்த்தால் உழவனுக்கு உழக்குகூட மிஞ்சாது என்னும் பழமொழி, உழவுக்கு மட்டுமன்று, உதவிக்கும் பொருந்துவதாயிற்று.

இனி, இத்திட்டத்தின் பெயரைப் பார்ப்போர்க்கு மற்றோர் உண்மை விளங்கும். 'பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி' என்பது இதன் பெயர். பயிர்க் காப்பீட்டின் பெயர் 'பிரதான் மந்திரி பசல் பீமா யோசனா'. பாசனத் திட்டத்தின் பெயர் 'பிரதான் மந்திரி கிரிசி சிஞ்சாயி யோசனா'. 2022 அக்தோபரிலிருந்து உர மூட்டைக்கும் ஒரே பெயர்: 'பாரத்'. மூட்டையின் ஒரு முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அப்பெயர்க்கும் திட்டத்தின் சின்னத்துக்கும். எஞ்சிய ஒரு பங்கே உரம் செய்த நிறுவனத்துக்கு. விதையிலிருந்து அறுவடை வரை உழவன் தொடும் ஒவ்வொன்றிலும் அவனுக்கு விளங்காத மொழி ஒட்டிக் கொண்டு வருகின்றது. உழவு, பயிர், பாசனம், உரம் ஆகிய நான்கு சொற்களும் இல்லாத மொழியா தமிழ்? உலகுக்கே உழவின் பெருமையைச் சொன்ன மொழிக்கு, உழவனைக் குறிக்க 'கிசான்' என்னும் சொல்லைக் கடன் கொடுப்பது எத்துணைக் கொடுமை!

பெயரில் என்ன இருக்கின்றது, பணம் வந்தால் போதாதா என்று கேட்பாரும் தமிழருள் உளர். விளக்கக் குறிப்புகள் தமிழிலும் கிடைக்கின்றனவே என்பாரும் உளர். பெயரை வாயாற் சொல்லத் தெரியாதவன், அதனைப் பற்றிக் கேள்வி கேட்பதெங்ஙனம்? என் பயிர்க் காப்பீடு என்னவாயிற்று என்று கேட்கத் தெரிந்தவனை அலுவலர் ஏமாற்ற முடியாது. 'அந்த ஏதோ யோசனாப் பணம் வருமா, ஐயா?' என்று கைகட்டிக் கேட்பவனுக்கு, விடை சொல்லத் தரகன் ஒருவன் தேவைப்படுகின்றான். விளங்காத மொழி எங்கு நுழைகின்றதோ அங்குத் தரகனும் நுழைகின்றான். 2020-இன் முறைகேட்டுக்கு இணையவழி ஒரு கதவென்றால், உழவர்க்குத் திட்டத்தின் பெயரும் நெறியும் விளங்காமை மற்றொரு கதவு. மொழி அயன்மை, உரிமை அயன்மையின் முதற்படி.

ஆட்சிமொழி நெறிகள் 1976-இல் வகுக்கப்பட்டபோது, அவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் செல்லும் என்றே எழுதப்பெற்றன. அவ்விலக்கு யாருடைய இரக்கத்தாலும் வந்ததன்று. 1939-இலும் 1965-இலும் தமிழர் கொடுத்த உயிர்களின் விலை. 1965 சனவரி 27-இல் சிதம்பரத்தில் காவலர் துமுக்கிக்கு உயிரீந்த மாணவன் இராசேந்திரன், இதே சிவகங்கை மண்ணின் பிள்ளை. அவன் பிறந்த மண்ணின் உழவனுக்கே, இன்று வங்கி ஏட்டிலும் உர மூட்டையிலும் இந்திப் பெயர் வந்து சேர்கின்றது. முன்வாயிலில் தடுக்கப்பட்டது, களஞ்சியத்தின் வாயிலில் நுழைந்துவிட்டது.

வேளாண்மையும், நீரும், நிலமும் இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆயின் பணம் தில்லியில். பட்டியல் எடுக்கும் பாடு மாநிலத்தில். பெயரும் படமும் தில்லிக்கு. பழி மட்டும் மாநிலத்துக்கு! தில்லி தரும் பணம் தில்லியில் விளைந்ததா? தமிழர் கட்டும் வரியும் அதில் கலந்துள்ளது. 15-ஆம் நிதிக்குழு பகிர்ந்தளித்த வரிப் பங்கில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 விழுக்காடே. தன் பொருளிலிருந்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகின்றவன் இரவலனல்லன். அவனுக்குக் கொடுப்பவன் வள்ளலுமல்லன்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதைதான். 2016-இல் தொடங்கியபோது காப்பீட்டுக் கட்டணத்தில் உழவன் பங்கு போக எஞ்சியதை நடுவணரசும் மாநில அரசும் செம்பாதியாக ஏற்றன. 2020-இல் நடுவணரசு தன் பொறுப்புக்கு வரம்பு கட்டிற்று. பாசனமில்லாப் பகுதிக்கு 30 விழுக்காட்டுக் கட்டணம் வரை, பாசனப் பகுதிக்கு 25 விழுக்காட்டுக் கட்டணம் வரை மட்டுமே தான் பகிர்ந்து கொள்ளும் என்றது. எங்கே வறட்சி மிகுதியோ அங்கே கட்டணமும் மிகுதி. எங்கே கட்டணம் வரம்பு மீறுகின்றதோ அங்கே சுமை மாநிலத்தின் தலையில். வானம் பார்த்த சிவகங்கையும் இராமநாதபுரமும் போன்ற மாவட்டங்களுக்கே இவ்வரம்பின் கூர்முனை குத்தும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரி 10-இல் தமிழகத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 உருபா இழப்புதவி அறிவிக்கப்பட்டது. அன்றும் ஏட்டில் பெயருள்ளவனே முதலில் நின்றான். அவ்வறட்சி கற்பித்த பாடம் ஒன்றுண்டு: கண்மாய் நிறைந்த ஆண்டில் உழவன் எவனிடமும் கையேந்துவதில்லை. தூர்ந்த கண்மாயும், சீமைக் கருவேலம் அடர்ந்த வரத்துக்காலும், உடைந்த மடையும் உள்ள ஊரில், வங்கிக் கணக்கில் ஏறும் இரண்டாயிரம் உருபா ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரே. விலையில்லா மின்னாற்றல் 1990 முதல் தமிழக உழவர் அனைவர்க்கும் உண்டு. ஆயின் கிணறும் நீரிறைக்கும் பொறியும் உடையவனுக்கே அது பயன். கண்மாய் உழவனுக்கு அரசு தரத்தக்க உண்மை நல்கை, கண்மாய் நீரே.

தமிழக உழவர் நிலங்களின் அளவை 2015-16 வேளாண் கணக்கெடுப்பு காட்டுகின்றது. 79 இலக்கத்துக்கு மேற்பட்ட கைப்பற்று நிலங்கள். ஒன்றின் நடுத்தர அளவு முக்கால் எக்டேர். அவற்றுள் 93 விழுக்காடு சிறு, குறு உழவருடையன. இத்துணைச் சிறிய நிலத்தில் வாழ்வோர்க்கு வேண்டுவது ஈகையன்று, முறை. ஆகலின் செய்யத் தக்கன இவை:

பயிரிடுவோன் பெயரை ஒவ்வொரு பருவத்திலும் அடங்கலில் ஊரறியப் பதிக. நிலவுடைமைக்கு ஊறின்றிப் பயிரிடுவோர் அட்டை வழங்கத் தமிழகம் தன் சட்டத்தைத் திருத்துக. கோயில் நிலக் குத்தகையாளரை முதலிற் சேர்க்க. அங்கே உடையவனின் அச்சம் என்னும் சாக்குக்கும் இடமில்லை. வயலில் பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்யும் பெண்டிரின் பெயரை உழவர் ஏட்டில் எழுதுக. தொகையை விலைவாசியோடு இணைத்து உயர்த்துக. நிலம் குறைந்தவனுக்கு மிகுத்தும் மிகுந்தவனுக்குக் குறைத்தும் பகுக்க. பயனாளர் பட்டியலை ஊர்மன்றத்தில் உரக்கப் படித்து ஊரார் ஒப்பம் பெறுக. ஊரார் கண்முன் தரகன் நிற்க மாட்டான். கண்மாய்ப் பணிக்குரிய பொருளை ஆண்டுதோறும் ஒதுக்கி, ஆயக்கட்டு உழவரிடமே பொறுப்பளிக்க. தமிழ்நாட்டில் நடக்கும் எத்திட்டமும் தமிழ்ப் பெயராலேயே எழுதப்பெறுக, அழைக்கப்பெறுக.

இறுதியாகச் சொன்னது ஏனையவற்றினும் எளியது. அதற்கு ஒரு காசும் செலவில்லை. தில்லியின் இசைவுக்காகக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. 1999-இல் மதுரையில் தொடங்கிய 'உழவர் சந்தை' என்னும் பெயர் இன்று எல்லார் வாயிலும் வழங்குகின்றது. அதன் பொருளை எவரும் எவர்க்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மக்கள் மொழியில் பெயரிட்டால் திட்டம் மக்களுடையதாகும் என்பதற்கு அஃதொன்றே போதும். செட்டிநாட்டின் ஒவ்வொரு கூட்டுறவுக் கடையிலும், வங்கி வாயிலிலும், ஊர்மன்றச் சுவரிலும் 'உழவர் உதவித் தொகை', 'பயிர்க் காப்பீடு' என்று எழுதத் தமிழுணர்வுடையார் முன்வருக. அலுவலகத்துக்குச் செல்லும் உழவர்க்கு அச்சொற்களையே சொல்லிக் கொடுக்க. முறையீடுகளை அச்சொற்களாலேயே எழுதித் தருக. அம்முறையீட்டின் முதல் வரியிலேயே, 'இந்நிலத்தைப் பயிரிடுபவன் நான்' என்று உழுபவனை எழுதச் செய்க.

சொல்லும் அவனுடையது, நிலத்தில் சிந்திய வியர்வையும் அவனுடையது. இரண்டையும் ஏட்டில் ஏற்றாத உதவி, எத்தனை தவணை வந்தாலும் உதவியாகாது.